சீஃப் போட்ட மாவுக்கட்டு

இழுத்துப் பிடி என்றார் சீஃப், பிடித்துக்கொண்டிருக்கிறேன். லாரி டிரைவரின் வலது கால் என் கைகளில் இருக்கிறது, குதிகால் ஒரு உள்ளங்கையில், பாதத்தின் மேல்புறம் இன்னொன்றில், நான் பின்னால் சாய்ந்து என் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டிருக்கிறேன். தொடையெலும்பு இரண்டாக உடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது, யாராவது இழுத்துப் பிடித்தால்தான் முனைக்கு முனை வந்து நிற்கும், நின்றால்தான் உள்ளே கம்பியை இறக்க முடியும். இதற்கென்று ஒரு மேஜை உண்டு, காலைப் பூட்டித் திருகைச் சுற்றினால் அதுவே இழுத்துக்கொள்ளும். அந்தத் திருகு மூன்று ஆடிக்கு முன்னால் உடைந்தது, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வருகிறவரைக்கும் யூனிட்டில் யார் கடைசியோ அவர்தான் மேஜை. முதல் வருஷம் நான். மேஜைக்கு மூக்கு அரிக்காது, எனக்கு முகமூடிக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. மேஜைக்கு எக்ஸ்ரேக்காக ஈயக் கோட்டு மாட்ட வேண்டியதில்லை, என் தோளில் அது ஒரு மூட்டை அரிசியாக உட்கார்ந்திருக்கிறது, முதுகில் வியர்வை இறங்குவது தெரிகிறது. மேஜைக்கு மாதவிலக்கு கிடையாது. மேஜைக்கு ஆறாம் வார்டில் ஒரு இசக்கி கிடையாது, அவள் கை கிடையாது, அதை நினைக்காதே என்று சொல்லிக்கொள்கிறேன், இந்தக் காலை நினை, இந்தக் கால் நழுவினால் கம்பி வேறெங்காவது போகும், சீஃப் நிமிர்ந்து பார்ப்பார், அந்தப் பார்வையை நினை. ஆனால் மனசு என்ன நான் சொன்னபடியா கேட்கிறது, வாசல்வரை விரட்டினாலும் திரும்ப உள்ளே வந்து அதே இடத்தில் படுத்துக்கொள்கிறது.

கை நன்றாகத்தான் இருக்கும். சீஃப் போட்ட கட்டு அது. நேற்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, யூனிட் தலைவர் குருபாதம் சார் அவரே போட்ட மாவுக்கட்டு. இசக்கி ஜவுளிக்கடைப் பெண், என் வயதுதான் இருக்கும், கடை குடோன் படிக்கட்டில் சேலை பண்டலோடு உருண்டு விழுந்து வலது முன்கையின் இரண்டு எலும்பும் போய்விட்டது. வேறெங்காவது என்றால் பிளேட் வைக்கத் தேதி கொடுத்துவிட்டு, அதுவரைக்கும் பாதிக் கட்டு போட்டுப் படுக்க வைத்திருப்பார்கள், வீங்கினால் வீங்கட்டும் என்று ஒரு பக்கம் திறந்து கிடக்கும். எங்கள் சீஃப் அப்படிச் செய்யமாட்டார். பிளேட் எதுக்கு, ஆண்டவன் எனக்கு ரெண்டு கை கொடுத்திருக்கான்லா என்பார். மயக்கம் கொடுத்து அவள் கையை இழுத்து, திருப்பி, அந்தக் கட்டைவிரலால் எங்கேயோ ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. எனக்கே கண்கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை. இதற்காகத்தானே எலும்பு டிபார்ட்மெண்டை எடுத்தேன், உடைந்தது ஒட்டுவதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் வேறெதுவும் பிடிக்காது. முழங்கைக்கு மேலே வரைக்கும் முழுக்கட்டு, சுற்றிச் சுற்றி, ஈரம் காய்வதற்குள் உள்ளங்கையால் தடவித் தடவி வடிவம் கொடுத்து, கடைசியில் பையிலிருந்து மார்க்கரை எடுத்து அதன்மேல் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். அவர் கையெழுத்து விழுந்த கட்டை யாரும் தொடக்கூடாது. மறு எக்ஸ்ரேவரைக்கும் பிரிக்கக்கூடாது, கீறக்கூடாது, ஓரத்தை மடக்கக்கூட அவரைக் கேட்க வேண்டும். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் வார்டு ஆயாவுக்கும் தெரியும். போன வருஷம் டேனியல் என்று ஒரு சீனியர், நோயாளி கத்துகிறார் என்று இப்படி ஒரு கட்டை நீளவாக்கில் வெட்டிவிட்டார். எலும்பு விலகிவிட்டது. சீஃப் திட்டவில்லை, அதுதான் கொடுமை. அதற்கப்புறம் டேனியலுக்கு ஒரு கேஸும் கொடுக்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து நிற்பார், சீஃப் அவரைத் தாண்டி வேறு யாரையாவது கூப்பிடுவார். நான் சேர்ந்தபோது அவர் கடைசி மாதத்தில் இருந்தார், தியேட்டர் சுவரில் சாய்ந்து நின்று டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வடிவு, இழு இழு. கால் உள்பக்கம் திரும்புது பாரு."

இழுக்கிறேன் சார். டி.வி.யில் கறுப்பு வெள்ளையில் எலும்பு தெரிகிறது, மேல் துண்டு, கீழ்த் துண்டு, நடுவில் ஒரு இருட்டு. நான் இழுத்தால் இருட்டு அகலமாகிறது, மூச்சு விட்டால் குறுகுகிறது, என் மூச்சு டி.வி.யில் தெரிகிறது. காலையில் இசக்கியின் விரல்கள் வீங்கித்தான் இருந்தன. கட்டின் ஓரத்திலிருந்து ஐந்து விரலும் எட்டிப் பார்த்தன, கொஞ்சம் பளபளப்பாக, சிவப்பு நெயில் பாலிஷ் பாதி உரிந்து. கட்டிலில் உட்கார்ந்து உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று அவளுடைய அம்மா சொன்னார். "உள்ளுக்குள்ள யாரோ முறுக்கிப் பிழியுத மாதிரி இருக்கு டாக்டரம்மா, ஒடஞ்சப்பகூட இப்படி வலிக்கல" என்றாள் இசக்கி. உடைந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியம் போதும், இதற்கு மேல் ஒரு எலும்பு டாக்டருக்கு எதுவும் தேவையில்லை. நான் அவளுடைய நடுவிரலைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக நிமிர்த்தினேன். வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் டாக்டரம்மா கோபப்படுவார் என்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணிலிருந்து மட்டும் கொட்டியது. உள்ளே சதை வீங்குகிறது, வெளியே மாவுக்கட்டு கல்லாக இறுகி நிற்கிறது, சதைக்குப் போக இடமில்லை, ரத்தம் உள்ளே வர முடியாமல் சதை செத்துக்கொண்டிருக்கிறது. விரலை நிமிர்த்தினால் உயிர் போகிறது என்றால் அதுதான். மூன்றாம் வருஷப் பையனைக் கேட்டாலும் சொல்வான். கட்டை வெட்டு, உடனே வெட்டு, தோல் தெரிகிறவரைக்கும் வெட்டு, அப்புறம் பேசு. நான் என்ன செய்தேன். நகத்தை அழுத்திப் பார்த்தேன், வெளுத்துப்போய்த் திரும்பவும் சிவப்பு வந்தது, ஆகா ரத்தம் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ரத்தம் ஓடும், கடைசிவரைக்கும் நகத்தில் ஓடும், அதை நம்பாதே என்றுதான் பாடப் புத்தகத்தில் அடுத்த வரியில் எழுதியிருக்கும். அடுத்த வரியும் எனக்கு மனப்பாடம்தான்.

நயினார் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. ஆறுமுகநயினார், எங்கள் யூனிட்டின் மூன்றாம் வருஷம், நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுப்பார், டியூட்டி மாற்றிக் கொடுப்பார். வார்டு வாசலில் வைத்து, அண்ணே, ஆறாம் வார்டு பொண்ணுக்கு வலி ஜாஸ்தியா இருக்கு, கட்டை வெட்டிவிடவா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "சீஃப் கட்டா?" ஆமாண்ணே. "கைய தூக்கி வச்சு ஒரு ஊசியப் போடச் சொல்லு. ரவுண்ட்ஸ்ல சீஃபே பாத்துக்கிடுவாரு. நீயா கைய வச்சிராத பிள்ள." அவ்வளவுதான். இன்றைக்கென்று சீஃப் ரவுண்ட்ஸ் வராமல் நேரே தியேட்டருக்கு வந்துவிட்டார், கேஸை ஆரம்பிச்சிருவோம், ரவுண்ட்ஸ் பொறவு பாத்துக்கிடலாம் என்று. நான் ஹவுஸ் சர்ஜன் ஃபர்ஹானாவிடம் ஊசி போடச் சொல்லிவிட்டு, ஏதாவது என்றால் போன் பண்ணு என்றும் சொல்லிவிட்டு, இசக்கியிடம் கொஞ்ச நேரத்தில் சரியாயிரும் என்றேன். சரியாயிரும். இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எத்தனை வருஷப் படிப்பு. அவள் உடனே தலையாட்டினாள், சரி டாக்டரம்மா என்றாள். இவர்கள் ஏன் நாம் சொல்வதையெல்லாம் நம்புகிறார்கள், ஒருத்தியாவது சட்டையைப் பிடித்து, என்னம்மா உளறுகிறாய், கையைப் பார் என்று கத்தக்கூடாதா, அவள் கத்தியிருந்தால் நான் வெட்டியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன். பார், பழியை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறேன்.

இடது கையில் சுண்டுவிரல் பக்கம் மரத்துவிட்டது. சீஃப் அவர் வீட்டில் போர் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், எவ்வளவு ஆழம் போயும் பாறைதான் வருகிறதாம், லாரித் தண்ணீர்தான் வாங்குகிறார்களாம். நயினார் அண்ணன் சரியான இடத்தில் சிரிக்கிறார், அதுவும் மூன்று வருஷத்தில் படிக்க வேண்டிய பாடம். மயக்க மருந்து டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார், முதுகில் ஊசி போட்ட லாரி டிரைவர் குறட்டை விடுகிறார், என்னைத் தவிர எல்லோரும் சௌகரியமாக இருக்கிறார்கள். கை மாற்றச் சொல்லலாம். சொன்னால் மாற்றுவார்கள். நயினார் அண்ணன் முதல் வருஷத்தில் இருந்தபோது எத்தனை தடவை மாற்றச் சொல்லியிருக்கிறாராம், அவர் சொன்னால் கை வலி. நான் சொன்னால் பொம்பளைப் பிள்ளை. கவுன்சிலிங்கில் எலும்பு எடுத்துக்கொண்டு வந்து முதல் நாள் நின்றபோது சீஃப் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஏம்மா, ஸ்கின் டிபார்ட்மெண்ட் கிடைக்கலையா" என்றார். கேலிதான், மனசில் ஒன்றும் கிடையாது, அன்றைக்கே எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். ஆனால் இந்த யூனிட்டில் எனக்கு முன்னால் பெண்கள் யாரும் இருந்ததில்லை, தியேட்டரில் பெண் டாக்டர் உடை மாற்ற ஒரு அறை கிடையாது, சிஸ்டர்களின் அறையில் அவர்கள் சாப்பாட்டுப் பைகளுக்கு நடுவில் மாற்றிக்கொள்கிறேன். ஹாஸ்டலில் கதவைச் சாத்திக்கொண்டு தண்டால் எடுக்கிறேன். இரண்டு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன். எதற்கு என்றால் இந்தக் காலைப் பிடிக்கத்தான், பிடித்துவிட்டு விடாமலிருக்கத்தான், வடிவு ஒரு தடவைகூட மாத்தச் சொன்னதில்லை என்று சீஃப் யாரிடமோ சொன்னாராம், அதை நயினார் அண்ணன் வந்து சொன்ன அன்றைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மாவுக்கு அதில் என்ன பெருமை என்று புரியவில்லை. அப்படின்னா சம்பளம் கூட்டுவாங்களா என்று கேட்டாள்.

போன் அடிக்கிறது. என் போன். ஜன்னல் திண்டில் கையுறைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அது அடித்தபடியே நகர்கிறது. என்னால் திரும்ப முடியாது. கழுவின கை, உறை மாட்டின கை, இழுத்துப் பிடித்த கால். அம்மாவாக இருக்கும். இந்நேரத்துக்குத்தான் அவள் சீரியல் பார்த்து முடித்துவிட்டு அழைப்பாள், மாப்பிள்ளை போட்டோ பார்த்தியா, கண் மருத்துவமாம், தென்காசியில் சொந்த ஆஸ்பத்திரியாம். அம்மாதான். ஃபர்ஹானாவாக இருந்தால் என்ன, அம்மா என்று வைத்துக்கொள்கிறேன். நின்றது. அம்மா என்றால் ஒரு தடவையோடு விடமாட்டாள், மறுபடி அடிப்பாள், மறுபடி அடித்தால் அம்மா. மறுபடி அடிக்கவில்லை. கடவுளே, அடி. அம்மா, அடி. ஒருவேளை ஃபர்ஹானா அடித்துப் பார்த்துவிட்டு, அக்கா தியேட்டரில் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டாளோ. ஒருவேளை அவளுக்குத் தானே தோன்றிக் கட்டை வெட்டியிருப்பாளோ, சின்னப் பெண், பயம் அறியாதவள், வெட்டியிருந்தால் அவளுக்கு ஒரு கோயில் கட்டலாம். வெட்டமாட்டாள். நான் வெட்டாததை அவள் எப்படி வெட்டுவாள். சிஸ்டர் ரோஸ்லின், அந்தப் போனை எடுத்து யார் என்று பாருங்களேன் என்று சொல்லலாம். சிஸ்டர் கத்தியை அடுக்கிக்கொண்டிருக்கிறார். தியேட்டரில் போன் எடுப்பது சீஃபுக்குப் பிடிக்காது. பிடிக்காது, பிடிக்காது, ஒரு மனிதனுக்குப் பிடிக்காததை எல்லாம் இப்படி மனப்பாடமாக வைத்திருக்கிறேனே, என் அப்பாவுக்குப் பிடிக்காதது ஒன்றாவது எனக்குத் தெரியுமா.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். சார், ஆறாம் வார்டு இசக்கிக்கு விரலை நிமிர்த்தினால் வலிக்கிறது, கட்டை வெட்ட வேண்டும். சார், அந்தப் பொண்ணுக்கு. சார், நேற்று நீங்க போட்ட கட்டு. நீங்க போட்ட என்று வேண்டாம், குற்றம் சொல்வது போல இருக்கும். சார், ஒரு பேஷண்ட்டுக்கு வலி. எந்த பேஷண்ட்டுக்கு வலி இல்லை, எலும்பு வார்டில் வலி இல்லாமல் யார் இருக்கிறார்கள். வாய்க்குள் வாக்கியத்தைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன். அவர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறார், தட்டி முடிக்கட்டும். முடித்துவிட்டார், படம் பார்க்கட்டும். படம் பார்த்துவிட்டார், முகம் கொஞ்சம் தெளியட்டும். இப்போது.

"சார்" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் தியேட்டரில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முதல் வருஷம் மேஜையில் பேசுவது வழக்கமில்லை. சீஃப் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்னம்மா, கை வலிக்கா? நயினாரை மாத்தச் சொல்லவா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, அன்பாகத்தான் கேட்டார். நயினார் அண்ணன் என்னைப் பார்த்தார். மயக்க மருந்து டாக்டர் கொட்டாவியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிஸ்டர் முகமூடிக்கு மேலே புருவத்தைத் தூக்கினார், பாவம் பிள்ளை என்று அந்தப் புருவம் சொன்னது. ஆமா சார் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். கை வலிக்கிறது சார், மாற்றுங்கள் சார் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம், இரண்டு மாடி இறங்கினால் ஆறாம் வார்டு. கதவைத் திறந்து விட்டார் மனிதர், இந்தா போ என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "இல்ல சார்" என்றேன். "கையெல்லாம் வலிக்கல சார்." "அப்போ கெட்டியாப் பிடி" என்றார் சீஃப். "கெட்டிக்காரி" என்று நயினார் அண்ணன் முணுமுணுத்தார். எனக்குள் ஒரு நொடி, ஒரே நொடி, சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது.

இப்போது பேச்சே இல்லை. கம்பி உடைந்த இடத்தைத் தாண்டமாட்டேன் என்கிறது, சீஃப் போர் கதையை விட்டுவிட்டார், பல்லைக் கடிக்கிறார். இந்த நேரத்தில் வாயைத் திறக்க முடியாது. அப்போது திறந்திருக்க வேண்டும், காலையில் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு அப்போதும் தாண்டிப்போய் இப்போது திறக்க முடியாததாக ஆகிக்கொண்டிருக்கிறது. வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒருவர் வருவார், எங்கேயோ போட்ட கட்டு, எவனோ வெட்டாமல் விட்டது, வருஷம் பல ஆகிவிட்டது. முன்கை சதையெல்லாம் வற்றிக் குச்சியாகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி நகம் தோலைக் கிழித்து நிற்கும். அந்தக் கையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருப்பார், நாங்கள் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகத் துண்டை எடுக்கச் சொல்வோம், எடுப்பார், எல்லோரும் குனிந்து பார்ப்போம், சீஃப் கேள்வி கேட்பார், நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், நன்றாகச் சொன்னேன். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இசக்கி சேலை விரிக்கிற கை. கடையில் பார்த்திருக்கிறேன், அவளை இல்லை, அவளைப் போன்ற பெண்களை, ஒரு உதறலில் ஆறு கஜமும் கண்ணாடி மேஜைமேல் ஓடும், பிடிக்கவில்லை என்று நாம் அடுத்ததற்குப் போய்விடுவோம், அவர்கள் பேசிக்கொண்டே பழையபடி மடித்து அட்டையில் வைத்துவிடுவார்கள், மடிப்பு பிசகாது. நாள் முழுக்க நிற்கிற வேலை. நேற்று மயக்கம் கொடுப்பதற்கு முன்னால், தீபாவளிக்குள்ள கை சரியாயிருமா டாக்டரம்மா, சீசன்ல லீவு கேட்டா வேலைய விட்டு நிறுத்திருவாங்க என்றாள். சீஃப் சிரித்து, தீபாவளிக்கு நீ எனக்கு வேட்டி எடுத்துப் போடுவ பாரு என்றார். எல்லோரும் சிரித்தோம். அழுகை வருகிறது. அழக்கூடாது, முகமூடி நனைந்தால் மூச்சு முட்டும், கண்ணைத் துடைக்கக் கை இல்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது, இதைப் பெரிதாகச் சொல்லவில்லை, தூங்கிவிடலாம் போல இருக்கிறது என்று சொல்வோமே அந்த மாதிரி. கை இரண்டும் என்னுடையவை இல்லை. இழுக்கிறேன் என்பதே டி.வி.யைப் பார்த்துத்தான் தெரிகிறது. இது எல்லாம் எதற்கு, ஒரு காலை விடாமல் பிடித்திருந்தேன் என்று பேர் வாங்க. ஒருத்தி கையைச் சாகவிட்டுக்கொண்டு ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு.

தாண்டிவிட்டது. கம்பி சரக்கென்று உள்ளே போனது என் உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. "அப்பாடா" என்றார் சீஃப், தியேட்டரே மூச்சு விட்டது. "வடிவு, பிரமாதம். இனி கொஞ்சம் லூஸ் பண்ணு." லூஸ் பண்ணினேன், விரல்கள் பிரியமாட்டேன் என்றன, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சீஃப் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருக்கிறவரைக் கெடுக்க வேண்டாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, வராமல் இல்லை. அதற்குள் என் வாய், எனக்குச் சொல்லாமலே, சொல்லிவிட்டது. சார், ஆறாம் வார்டு இசக்கிக்கு விரலை நிமிர்த்தினால் வலிக்கிறது, கட்டை வெட்ட வேண்டும். நான் கட்டி வைத்திருந்த அதே வாக்கியம், ஒரு வார்த்தை மாறவில்லை.

சீஃப் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "எப்பம்மா பாத்த?"

"காலையில சார். உங்க கார் வரதுக்கு முன்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். நான் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்த பார்வை அது இல்லை. அவர் முகத்தில் இருந்ததும் பயம்தான். "அப்பவே வெட்ட வேண்டியதுதான? என்னையா கேட்டுக்கிட்டு இருப்ப? நான் போட்டா என்னம்மா, மாவுக்கட்டு மாவுக்கட்டுதான?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓடு. வெட்டிட்டுப் போன் பண்ணு. நயினாரு, அடுத்த கேஸ நிறுத்து, இந்த மேஜைய ஃப்ரீ பண்ணு, அந்தப் பிள்ளைய மேல கொண்டு வர வேண்டியிருக்கும்" என்றார். நயினார் அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவுதானா. இவ்வளவு சுலபமா. ஒரு கூச்சல் இல்லை, ஒரு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், நான் பயந்ததற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். டேனியலை நிற்க வைத்தீர்களே சார் என்று கேட்கத் தோன்றியது. கேட்க நேரமில்லை, கேட்டிருந்தாலும் அவருக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை.

ஈயக் கோட்டைக் கழற்ற மறந்து அதோடுதான் ஓடினேன். படிக்கட்டில் முழங்காலில் அது இடித்துக்கொண்டே வந்தது. வார்டு வாசலில் ஃபர்ஹானா, கையில் டீயோடு, சிரித்த முகமாக வந்தாள். "அக்கா, உங்களுக்குத்தான் போன் பண்ணினேன். அந்தப் பேஷண்ட்டுக்கு வலி சுத்தமா நின்னுட்டு. தூங்கிட்டாங்க. நீங்க கவலைப்படுவீங்களேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்." கட்டு வெட்டும் கத்திரியை எடு என்று மட்டும் சொன்னேன். வலி தானாக நிற்காது. அந்த ஊசிக்கு அந்த வலி நிற்காது. இவ்வளவு நேரம் கத்தின நரம்பு வாயை மூடிக்கொண்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், நரம்பும் செத்துக்கொண்டிருக்கிறது. ஃபர்ஹானாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது, அவளுக்கும் இப்போதுதான் பாடப் புத்தகத்தின் அந்த வரி ஞாபகம் வருகிறது போல.

இசக்கி விழித்துக்கொண்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, நான் வந்ததற்கு மரியாதையாக எழுந்து உட்காரப் பார்த்தாள். "இப்பதான் டாக்டரம்மா உயிரு வந்திருக்கு. அந்த டாக்டர் பிள்ள போட்ட ஊசி நல்ல ஊசி" என்றாள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் சீஃபின் கையெழுத்தின் குறுக்கே கத்திரியை வைத்து வெட்டினேன், முழங்கைக்கு மேலிருந்து விரல்வரை, மாவு கண்ணில் தெறித்தது, கட்டை விரித்து உள்ளே பஞ்சையும் வெட்டினேன், தோல் தெரிந்தது. முன்கை பழுத்து வெடிக்கப்போகிற எதையோ போல உப்பி, பளபளவென்று, தொட்டால் மரக்கட்டை. கொப்புளம் இரண்டு. இசக்கி அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எவ்வளவு வீக்கம்" என்று மட்டும் சொன்னாள், யாரோ ஒருத்தியின் கையைப் பார்த்துச் சொல்வது போல. மேலே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தோலைக் கீறித் திறந்துவிட வேண்டும், திறந்தால் சதை கொஞ்சம் மிஞ்சும், எவ்வளவு மிஞ்சும், திறந்து பார்த்தால்தான் தெரியும். ஃபர்ஹானா ஸ்ட்ரெச்சருக்கு ஓடினாள். எனக்கு இப்போது ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"இசக்கி, கண்ணை மூடிக்கோங்க. நான் உங்க விரலைத் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

சரி டாக்டரம்மா என்று கண்ணை மூடிக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள். நான் ஆள்காட்டி விரல் நுனியைத் தொட்டேன். பிறகு அழுத்தினேன். நடுவிரலுக்குப் போனேன், சதையில் என் நகத்தை வைத்து, நகம் பதிகிறவரைக்கும் அழுத்தினேன். அவளுடைய அம்மா கும்பிட்ட கையை இறக்காமல், அழுத்துகிற என் விரலையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இசக்கி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ம், தொடுங்க டாக்டரம்மா" என்றாள்.